மோட்டார் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்



எங்கள் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு வந்துவிட்டால் வீடு கொள்ளாத விருந்தாளிகள். மாடித் தொட்டி காலியானால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்? நம்மைத்தான். மோட்டாரைப் போடுவது நாம், தொட்டி நிரம்பி வழிந்தால் ஓடிப்போய் அணைப்பதும் நாம். வாங்கப் போகும்போது மட்டும், "உனக்கென்ன தெரியும் மோட்டாரைப் பத்தி?" என்று விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்! புது வீடு கட்டுகிற சகோதரிகள் தெரிந்துகொண்டு கூடவே போங்கள்.

கடையில் முதல் கேள்வியே "எத்தனை எச்.பி. வேணும்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லாதீர்கள். "இத்தனை உயரம் ஏத்தணும்" என்று சொல்லுங்கள். உயரம் தெரிந்தால் எச்.பி. தானே தெரிந்துவிடும்.

கீழ்த் தொட்டியின் அடியிலிருந்து மாடித் தொட்டியின் வாய் வரை டேப் வைத்து அளங்கள். கீழ்த் தொட்டி ஆழம் 6 அடி, தரையிலிருந்து மாடித் தொட்டி 30 அடி என்றால் மொத்தம் 36 அடி, அதாவது 11 மீட்டர். குழாயின் நீளமும் வளைவுகளும் தண்ணீரைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். அதற்கு 2 மீட்டர் சேர்த்தால் 13. மோட்டாரின் தகட்டில் 'ஹெட்' என்று மீட்டர் கணக்கு போட்டிருக்கும். நம்முடைய 13 அதற்கு நடுவில் வரவேண்டும். இந்த அளவு வீட்டுக்கு அரை எச்.பி.யே தாராளம்.

"பெரிசா வாங்கினா சீக்கிரம் நிரம்பிரும்" என்பார்கள். 1 எச்.பி. என்பது 746 வாட். மோட்டாரின் சொந்த நஷ்டத்தையும் சேர்த்தால் மணிக்கு ஒரு யூனிட் போல ஓடும். கரண்டு பில் ஒரு பக்கம் இருக்கட்டும், போரில் இதைவிடப் பெரிய சங்கடம் உண்டு. ஊற்று கொஞ்சமாக இருக்கிற போரில் பெரிய மோட்டாரை இறக்கினால், ஊறுவதற்கு முன்பே உறிஞ்சிவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சூடேறி காயில் புகைந்துவிடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கோடையில் இப்படித்தான் ஆயிற்று. மோட்டாரை வெளியே எடுத்து, காயில் கட்டி, திரும்ப இறக்க ஆன செலவில் இன்னொரு சின்ன மோட்டாரே வாங்கியிருக்கலாம். போர் போட்டவரிடம் ஊற்று எவ்வளவு, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள்.

தண்ணீர் 25 அடிக்குக் கீழே போய்விட்டால் மேலே வைக்கிற மோனோபிளாக் மோட்டார் சரிவராது. இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற கதைதான். வெளிக்காற்று அழுத்துவதால்தான் தண்ணீர் மேலே ஏறுகிறது. காற்றின் பலம் அவ்வளவுதான். ஆழப் போருக்குத் தண்ணீருக்குள்ளேயே இறக்குகிற சப்மெர்சிபிள்தான் வேண்டும்.

மோட்டார் என்றால் நமக்குக் கோயம்புத்தூர்தான். 1937-லேயே அங்கே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டினார்கள். ஆனாலும் ஊர்ப் பேரை மட்டும் பார்த்து வாங்காமல், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நட்சத்திரக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரிலேயே ரிப்பேர் பார்க்க ஆள் உண்டா என்றும் கேளுங்கள்.

இனி சொல்வதில் மட்டும் காசு பார்க்கவே கூடாது. ஈரமும் கரண்டும் சேர்கிற இடம் இது. 'எர்த்' கட்டாயம். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல்லுங்கள். கரண்டு கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். சுவிட்சு பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தொட்டி கழுவ இறங்குமுன் மெயினை அணையுங்கள். கீழ்த் தொட்டி மூடிக்குப் பூட்டு போடுங்கள். தவழுகிற பிள்ளைக்கு முழங்கால் தண்ணீரே ஆபத்து.

ஒரு சின்னக் குறிப்பு: மோட்டார் மாட்டிய முதல் நாளே, தொட்டி நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். பிறகு ஒருநாள் கூடுதல் நேரம் பிடித்தால் ஃபுட் வால்வு கசிகிறது, இல்லை குழாயில் அடைப்பு, இல்லை தண்ணீர் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். மோட்டார் புகைவதற்கு முன்பே ஆளைக் கூப்பிட்டுவிடலாம்.