முதல்வர் படம் இல்லாத பத்திரிகை

உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ ஒரு கல்லூரி ஆண்டு மலர் கிடக்கும். எடுத்துப் புரட்டுங்கள். முதல் பக்கத்தில் தாளாளர். அடுத்து செயலர், முதல்வர், வாழ்த்துச் செய்தி, இன்னொரு வாழ்த்துச் செய்தி. அப்புறம் துறைவாரியாக குரூப் போட்டோ. மாணவன் எழுதியது ரொம்பத் தள்ளித்தான் வரும்: 'அன்னையே' என்று ஒரு கவிதை, மரம் வளர்ப்போம் கட்டுரை, எங்கிருந்தோ எடுத்த பத்துப் பொன்மொழிகள். மூன்று வருஷம் கணக்கும் பிசிக்ஸும் படித்த பிள்ளைகள் என்ன யோசித்தார்கள் என்பதற்கு அதில் ஒரு தடயமும் இருக்காது.

மாணவர்களைத் திட்ட நான் தயாராக இல்லை. பக்கங்கள் அவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான்.

பக்கங்களை மாணவர்களிடம் கொடுத்தால் என்ன ஆகும்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் 1935-ல் 'ஆர்க்கிமிடியன்ஸ்' என்று ஒரு கணிதச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1939-ல் 'யுரேகா' என்று பத்திரிகை. ஆசிரியர் மாணவர். கட்டுரை கேட்டு வாங்குவது, அச்சுக்கு அனுப்புவது, விற்பது எல்லாம் மாணவர்கள். தொடங்கிய வருஷமே உலகப் போர் வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. 1940 ஜனவரி இதழில் போர்க்காலத்தில் கணிதம் பற்றி ஒருவர் எழுதினார். பெயர் ஜி.எச். ஹார்டி. ஆமாம், நம் ராமானுஜனைக் கப்பலேற்றி வரவழைத்த அதே ஹார்டிதான். வாழ்த்துச் செய்தி அல்ல, கட்டுரை. 

1944-ல் அதே பத்திரிகையில் ஒரு இருபது வயசுப் பையன் எழுதினான். ஃப்ரீமன் டைசன். டாக்டர் பட்டம் கிடையாது (கடைசி வரை வாங்கவே இல்லை). அப்போது பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் கணக்குப் போடும் உத்தியோகம். எழுதியதோ ராமானுஜன் விட்டுப்போன ஒரு விஷயத்தைப் பற்றி.

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கஷ்டமில்லை. 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 9-ஐ 30 விதம். 14-ஐ 135 விதம். 4-லோ 9-லோ முடிகிற எந்த எண்ணை எடுத்தாலும் இந்த விடை ஐந்தால் வகுபடும் என்று 1919-ல் ராமானுஜன் நிறுவினார். 7, 11 இரண்டுக்கும் இதுபோலவே உண்டு என்றார். சரி, ஐந்தால் வகுபடுகிறது என்றால் ஐந்து சம பங்காகப் பிரித்துக் காட்ட முடியவேண்டுமே, எப்படி? டைசனின் யோசனை சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஒவ்வொரு பிரிவிலும் பெரிய எண்ணிலிருந்து, மொத்தம் எத்தனை எண்கள் என்பதைக் கழி. அதற்குப் பெயர் 'ரேங்க்'. 4-க்குப் போட்டால் 3, 1, 0, -1, -3. ஐந்தால் வகுத்து மீதி பார்த்தால் 3, 1, 0, 4, 2. ஐந்தும் ஐந்து கூடையில் விழுந்துவிட்டன. 9-க்குப் போட்டுப் பாருங்கள், கூடைக்கு ஆறு. 7-க்கும் இது பலித்தது.

ஏன் பலிக்கிறது? நிரூபணம் அவரிடம் இல்லை. 11-க்கோ பலிக்கவே இல்லை. அதனால் என்ன, அதற்கும் ஒரு கணக்கு இருந்தே தீரவேண்டும் என்று சொல்லி, அது இன்னதென்று தெரியாமலே 'கிராங்க்' என்று பெயரும் வைத்துவிட்டார். பிள்ளை பிறக்கும் முன்பே பெயர்சூட்டு விழா! (ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்குக் கிறுக்கன் என்றும் அர்த்தம்.) கட்டுரைத் தலைப்பிலேயே இது ஊகம்தான் என்று சொல்லியிருந்தார்.

ஊகங்களை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையை எந்தப் பெரிய ஆய்விதழ் போடும்? மாணவர் பத்திரிகை போட்டது. 1954-ல் ஆட்கின், ஸ்வின்னர்ட்டன்-டையர் என்று இருவர் ரேங்க் விஷயத்தை நிரூபித்தார்கள். கிராங்க் மட்டும் 43 வருஷம் போக்குக் காட்டியது. 1987-ல் ராமானுஜன் நூற்றாண்டு மாநாட்டுக்காக அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்த ஜார்ஜ் ஆண்ட்ரூஸும் ஃப்ராங்க் கார்வனும் மாநாடு முடிந்த கையோடு அதைப் பிடித்தார்கள். அதுவும் மாணவர் விடுதியில் வைத்து. பிறகு 2005-ல், கார்ல் மால்பர்க் என்ற ஆராய்ச்சி மாணவர் அதே கிராங்கை எடுத்துக்கொண்டு இன்னும் ரொம்ப தூரம் போனார்.

யுரேகாவும் வளர்ந்தது. ஒழுங்காக என்று சொல்லமாட்டேன். வராத வருஷங்கள் உண்டு. ஆசிரியர் தேறிப் போய்விடுவார், அடுத்தவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். இருந்தும் அறுபது இதழ்களைத் தாண்டிவிட்டது. 1986-ல் ஜான் கான்வே, பேராசிரியராகப் பெரும் புகழோடு இருந்தபோது, 1, 11, 21, 1211 என்று போகும் விளையாட்டுத் தொடரைப் பற்றிய தன் ஆராய்ச்சியை இந்த மாணவர் பத்திரிகைக்குத்தான் கொடுத்தார். அதே கேம்பிரிட்ஜில் 2004-ல் 'ப்ளூசை' என்று எல்லா அறிவியலுக்குமாக இன்னொரு மாணவர் பத்திரிகையும் வந்தது.

"அது கேம்பிரிட்ஜ் சார், நம்ம ஊர்ல நடக்குமா?" என்பீர்கள். நடந்திருக்கிறது. 1907-ல் ராமசாமி ஐயர் என்ற டெபுடி கலெக்டர், பேராசிரியர் இல்லை, இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தார். அதன் பத்திரிகையில்தான் 1911-ல் எஃப்.ஏ. தேறாத, வேலையில்லாத ராமானுஜன் கேள்வி எழுதிப் போட்டார். ஆறு மாதம் யாராலும் விடை சொல்ல முடியவில்லை, அவரே சொன்னார். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரையும் அதே வருஷம் அதே பத்திரிகையில்தான். இன்றைக்கு அந்த இளைஞர் ஒரு கட்டுரையோடு வந்தால் என்ன கேட்போம்? எந்தக் கல்லூரி? கைடு பெயர் எங்கே? காசு வாங்கிக்கொண்டு போடுகிற ஜர்னல் என்றால் கட்டணம் கட்டியாச்சா? 2012 முதல் அவர் பிறந்தநாளை தேசிய கணித தினமாகக் கொண்டாடுகிறோம். மாலை போடுகிறோம், கோலப்போட்டி வைக்கிறோம். ஒரு பக்கம் மட்டும் கொடுக்கமாட்டோம்.

தப்பும் தவறுமாக எழுதிவிடுவார்கள் என்பது பேராசிரியர்களின் பயம். எழுதட்டுமே. அடுத்த இதழில் இன்னொரு மாணவி அந்தத் தப்பைக் கிழித்துத் தொங்கவிடுவாள். அவளுக்கு எந்த லேபிலும் கிடைக்காத பயிற்சி அது. ஆலோசனைக் குழு, மேற்பார்வைக் குழு என்று ஏழு பேர் கையெழுத்துப் போட்ட பிறகு மிஞ்சுவது 'அன்னையே' மட்டும்தான்.

ஒரே ஒரு துறை போதும். பதினாறு பக்கம், கறுப்பு வெள்ளை, குரூப் போட்டோ கலரில் அடிக்கிற செலவு கூட ஆகாது. ஆசிரியர் என்று மாணவர்கள் பெயர் மட்டும். துறைத்தலைவர் படிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அச்சான பிறகு, காசு கொடுத்து வாங்கி.