கையில் உழவாரம், மனதில் சிவம்: அப்பர் காட்டிய வழியை இன்றைக்கு எப்படிக் கடைப்பிடிப்பது?

நாயன்மார் வரிசையில் திருநாவுக்கரசரை அடையாளம் காண்பது சுலபம். அவர் தோளில் நீண்ட கைப்பிடியோடு ஒரு கருவி சாய்ந்திருக்கும். அதுதான் உழவாரம், அதாவது தரையில் முளைத்த புல்லைச் செதுக்குகிற கருவி. ஏழாம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய்ப் பதிகம் பாடியவர், போன இடத்திலெல்லாம் கோயில் பிராகாரத்தில் புல்லையும் செதுக்கினார்.

டெல்டா மாவட்டங்களில் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப்பணிக் குழுக்கள் கிளம்புகின்றன. வாட்ஸ்அப் குழுவில் ஊர் பேர், நேரம் வந்துவிடும். துடைப்பம், மண்வெட்டி, அரிவாளோடு ஒரு வேன். ஐ.டி. வேலையில் இருப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் இதில் நிறையப் பேர்.

சரி, பக்தி என்றால் சாமி கும்பிடுவதுதானே? புல் செதுக்குவது எதில் சேர்த்தி?

காசில் ஏன் வித்தியாசம்?

12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இதற்கு ஒரு கதையே பதில். ஊரெங்கும் பஞ்சம். அப்பரும் ஞானசம்பந்தரும் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிற திருவீழிமிழலையில் தங்கி, ஆளுக்கொரு மடத்தில் அடியார்களுக்குச் சோறு போடுகிறார்கள். செலவுக்குத் தினமும் ஆளுக்கு ஒரு பொற்காசு, கோயில் பீடத்தில் கிடைக்கிறது.

அப்பர் மடத்தில் சாப்பாடு நேரத்துக்குத் தயார். சம்பந்தர் மடத்தில் தாமதம். விசாரித்தால், சம்பந்தர் காசைக் கடைக்காரர்கள் அப்படியே வாங்குவதில்லை, வட்டம் கேட்கிறார்கள். அப்பர் காசு மட்டும் மறுபேச்சில்லாமல் செல்லுபடியாகிறது. புராணம் சொல்லும் காரணம் ஒன்றே: அப்பர் கையால் தொண்டு செய்தார். அதன்பிறகு சம்பந்தர் பதிகம் பாடி வாசியில்லாக் காசு பெறுகிறார்.

பாட்டைக் குறைத்துச் சொல்வதற்கான கதை இல்லை இது. மனசு, வாக்கு, உடம்பு மூன்றும் சேர்ந்தால்தான் வழிபாடு முழுமை என்பதை, பஞ்ச காலத்துக் கடைத்தெரு கணக்கில் புரியவைக்கிறது. தினமும் காலையில் ஹெட்போனில் தேவாரம் கேட்பது நல்லதுதான். அதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிட வேண்டாம் என்கிறது.

உபயம் யார்?

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாகப் போனால் வருகிற ஊர் திங்களூர். சந்திரன் தலம் என்று பரிகாரத்துக்கு வருபவர்கள் அதிகம். அதே ஊர்தான் அப்பூதியடிகளுக்கும் சொந்த ஊர். அப்பரை நேரில் பார்க்காமலேயே அவர் பேரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தவர். மடம், குளம் எல்லாவற்றுக்கும் அவர் பேர்தான். பிள்ளைகளுக்கும் அதே பேர். அந்த வழியாக வந்த அப்பரே, 'உங்கள் பேரை வைக்காமல் வேறு பேர் ஏன்?' என்று கேட்கும்படி ஆகிறது.

இன்றைக்குக் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பேர் வெளிச்சத்தையே மறைக்கிறது. அன்னதானத்தில் இலை போடுவதற்குள் பேனர் கட்டியாகிவிடுகிறது. உழவாரப்பணியிலும் பத்து நிமிஷம் வேலை, அரை மணி நேரம் ரீல்ஸ் என்று ஆகும்போது அப்பூதியடிகள் ஞாபகத்துக்கு வரவேண்டும். நாலு பேரை வரவழைக்கப் படம் போடலாம், தப்பில்லை. ஆனால் போன் இல்லாவிட்டாலும் அந்த வேலையைச் செய்திருப்போமா என்ற கேள்விக்கு மனசு ஆமாம் சொல்லணும்.

பணத்துக்கும் ஒரு சோதனை உண்டு. நாகப்பட்டினம் மாவட்டம் திருப்புகலூரில் அப்பர் செதுக்கிய இடத்தில் பொன்னும் நவமணியும் கிடந்தன. கல்லோடு கல்லாக அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது புராணம். சம்பளத்தை யாரும் குளத்தில் போட வேண்டாம். ஆனால் பதவி உயர்வுக்கு ஒரு பரிகாரம், வீட்டுக் கடனுக்கு ஒரு பரிகாரம் என்று கோயிலைக் கணக்குப் பார்க்கும் இடமாக மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் உறுத்தும்.

யார் துடைப்பம் எடுப்பது?

இங்கேதான் விஷயம் தீவிரமாகிறது. சுத்தம் செய்கிற வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டிய சமூகம் இது. கொள்ளிடக் கரை ஆதனூர் நந்தனார், கோயில் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். திருப்புன்கூரில் குளம் வெட்டியவர். ஆனாலும் வாசலுக்கு வெளியே நின்றுதான் கும்பிட முடிந்தது. அதே மரபில், வேளாளர் குடியில் பிறந்து எல்லோரும் வணங்கிய அப்பர் தானே உழவாரத்தைக் கையில் எடுத்தார்.

இரண்டு கதையையும் சேர்த்துப் படித்தால் பாடம் தெளிவு. அழுக்கு எடுப்பது யாருக்கும் கீழான வேலை இல்லை, கும்பிடும் உரிமை யாருக்கும் குறைவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு கோயிலைக் கூட்டிவிட்டு, திங்கட்கிழமை தெருவைக் கூட்டுபவருக்குத் தனி டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் அது உழவாரப்பணி ஆகாது. கோயில் துப்புரவுப் பணியாளருக்கு உரிய சம்பளம் கிடைக்கிறதா என்று கேட்பதும் தொண்டில் அடக்கம்.

போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆர்வம் மட்டும் போதாது. தஞ்சைப் பெரிய கோயிலில் தேவாரம் பாட ராஜராஜன் 48 பேரை நியமித்து, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் கொடுத்தது நமக்குத் தெரிவது கல்வெட்டால்தான். அதுபோன்ற எழுத்துகள் சின்னச் சின்னக் கோயில் சுவர்களிலும் இருக்கின்றன.

● கல்லில் ஆசிட், கம்பி பிரஷ், மணல் வீச்சு கூடவே கூடாது. எழுத்து தேய்ந்தால் திரும்ப வராது.

● கல்வெட்டு, சிற்பம், பழைய ஓவியம் மீது சுண்ணாம்போ பெயின்ட்டோ அடிக்க வேண்டாம்.

● கோபுர விரிசலில் வளர்ந்த செடியைப் பிடுங்கி இழுக்காதீர்கள். கல் பெயரும். விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள்.

● அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடமும், தொல்லியல் துறைச் சின்னம் என்றால் அந்தத் துறையிடமும் முன் அனுமதி வாங்குங்கள்.

● அகற்றிய குப்பையைக் குளத்திலோ வாய்க்காலிலோ தள்ளாதீர்கள்.

கடைசி விஷயம் முக்கியம். பரிகாரம் முடித்துப் பழைய துணியைத் தண்ணீரில் விடுவதும், ஆடிப்பெருக்கில் காவிரிக்குப் படைத்ததை பிளாஸ்டிக் கவரோடு வீசுவதும் இன்னும் நடக்கிறது. அந்தத் தண்ணீர்தான் வாய்க்கால் வழியே வயலுக்குப் போய் நெல்லாகி, நைவேத்தியமாகக் கோயிலுக்குத் திரும்புகிறது.

உழவாரம் எடுக்க வேன் ஏறித்தான் போக வேண்டும் என்றில்லை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலைச் சுற்றிக் கிடக்கிற டீ கப்பைப் பொறுக்குவதும், வெயில் காலத்தில் வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைப்பதும் அதே தொண்டுதான். இந்த வாரம் கோயிலுக்குப் போகும்போது, கும்பிட்ட கையால் ஒரு வேலையும் செய்துவிட்டு வரலாம்.