எடை போனால் மூளை என்ன ஆகும்?

திருச்சி உச்சிப்பிள்ளையாரைத் தரிசிக்க 400-க்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். பாதி வழியிலேயே முழங்கால் வலிக்கும். "உடம்பு கனக்கிறதே!" என்று அலுத்துக்கொள்வோம்.

அந்தக் கனமே இல்லாமல் போனால்? காலுக்குச் சுகம்தான். ஆனால் மூளை திண்டாடிப் போகும்!

உச்சிக்குப் போனதும் ஓரிடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். காவிரியும் ஸ்ரீரங்கம் கோபுரமும் மறைந்துவிடும். ஆனாலும் எது மேல், எது கீழ் என்று தெரிகிறது அல்லவா? அதைச் சொல்வதில் காதுக்குப் பெரும் பங்கு உண்டு. உட்காதில் சுண்ணாம்புச் சத்தால் ஆன நுண்ணிய கற்கள் இருக்கின்றன. தலை சாய்ந்தால் அவை நகரும். உடனே மூளைக்குச் செய்தி போகும்.

விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோ மீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. பூமியின் ஈர்ப்பு அங்கும் உண்டு. ஆனால் நிலையமும் அதில் உள்ளவர்களும் ஒன்றாக விழுந்துகொண்டே சுற்றுவதால், எடை தெரிவதில்லை. காதுக் கற்கள் மேல், கீழ் காட்டுவதில்லை. கண் ஒன்று சொல்லும். காது வேறொன்று சொல்லும். தலை சுற்றும், குமட்டும். 1961-ல் ரஷ்ய வீரர் டிட்டோவ் இப்படி அவதிப்பட்டார்.

உறைக்குள் ரகசிய எண்

அதே ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, முதன்முதலாக விண்வெளி சென்றவர் ககாரின். எடையற்ற நிலையில் அவருக்குப் புத்தி தடுமாறுமோ என்று டாக்டர்கள் பயந்தார்கள். அதனால் கலத்தை அவர் கையால் இயக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். பூட்டைத் திறக்கும் எண்ணை ஓர் உறையில் வைத்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை!

ஆனால் நீண்ட நாள் தங்கினால் மாறுதல் உண்டு. ரத்தமும் நீரும் தலைப்பக்கம் ஏறுகின்றன. மூளை மண்டை ஓட்டுக்குள் சற்று மேலே நகர்வதை 2017-ல் வெளியான படங்கள் காட்டின. 25 வீரர்களைப் பற்றி 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. விண்வெளியில் சில வேலைகளில் அவர்கள் யோசிக்கும் வேகம் குறைந்தது. ஆனால் நிரந்தரக் கெடுதல் காணப்படவில்லை.

மிதக்காத லாப்டாப்

2025-ல் நம் சுபான்ஷு சுக்லா 18 நாள் நிலையத்தில் தங்கித் திரும்பினார். கையில் வாங்கிய போன் அவருக்குக் கனத்தது. லாப்டாப்பைக் கட்டில் ஓரத்தில் அப்படியே விட்டார், மிதக்கும் என்ற நினைப்பில்! அது கீழே விழுந்தது. மூளை பழைய பாடத்தை மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

நம் வீட்டிலும் இந்தக் கதை உண்டு. உட்காதுக் கற்கள் இடம் மாறினால், படுக்கையில் புரளும்போதே வீடு சுழலும். "பாட்டிக்கு வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். தலையைச் சில விதமாகத் திருப்பியே பலரைக் குணப்படுத்துகிறார்கள்.

விண்வெளி வீரர் தடுமாறினால் பொறுமையுடன் தாங்கிப் பிடிக்கிறோம். படியில் தடுமாறும் பாட்டிக்கும் அந்தக் கையைக் கொடுப்போம்!