மே மாதம் வெறுங்கை



என் மகள் கௌரவ விரிவுரையாளர். ஏப்ரல் கடைசியில் அவளுடைய வாட்ஸ்அப்பில் ஆண்டிறுதிச் சுற்றறிக்கை வந்தது. வருகைப் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டுமாம், நூலகத்தில் பாக்கி இல்லை எனச் சான்று வாங்க வேண்டுமாம். சம்பளம் பற்றி ஒரு வரி இல்லை. மேலும் கீழும் மூன்று முறை தள்ளிப் பார்த்தாள். அரசுக் கல்லூரிகளில் இவர்களுக்கு 11 மாதச் சம்பளம்தான், மே மாதத்துக்குக் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது, இங்கே 25,000. கரிசக்காட்டு விவசாயத்தில் மே மாதம் எங்களுக்கும் வரும்படி கிடையாது.

1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டு புலவர்களை ஆதரித்த பாண்டித்துரைத் தேவர் எங்கள் ஊர் ஜமீன்தார். அந்த மண்ணிலிருந்து அரசைக் கேட்கிறேன்: மே மாதச் சம்பளத்தையும் கொடுங்கள். மறுநியமன ஆணையை ஏப்ரலிலேயே கையில் தாருங்கள்.

ஒரு தாய், பாலவனத்தம்