எழுதியவர் போன பிறகும் ஓடும் எஞ்சின்



போன எபிசோடில் கேம் எஞ்சின் பற்றிப் பேசினப்போ, வழக்கம்போல ஜான் கார்மாக்கிலிருந்துதான் ஆரம்பிச்சோம். 1993-ல் வந்த டூம், எஞ்சின் கோடைத் தனியாகவும் லெவல் டேட்டாவைத் தனியாகவும் வைத்தது, அதனால யார் வேணும்னாலும் புது லெவல் செய்ய முடிஞ்சுது என்றெல்லாம் சொன்னோம். சரிதான். ஆனால் அதற்குப் பத்து வருஷத்துக்கும் முன்னாடியே, நம்ம மெல்போர்னிலேயே ஒரு காலேஜ் ஸ்டூடன்ட் அந்தத் திசையில் யோசித்திருக்கிறார். வெரோனிகா மெக்ளர். அந்தப் பெயரை நாம சொல்லாம விட்டது தப்பு.

1981-ல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டே, பீம் சாஃப்ட்வேர் என்ற சின்ன கம்பெனியில் பார்ட் டைம் வேலைக்குச் சேர்ந்தார். நிறுவனர் ஆல்ஃபிரட் மில்க்ரோம் கேட்டது, இதுவரை வந்ததிலேயே சிறந்த அட்வென்சர் கேம். அப்போ பிரபலமா இருந்த கொலாசல் கேவ் கேமை மெக்ளர் ஆடியிருந்தார். ஒரு தடவை முடித்துவிட்டால் மறுபடி ஆட ஒண்ணுமே இல்லை, எல்லாம் அப்படியே திரும்ப வருதே என்பதுதான் அவருடைய குறை.

அதனால் தி ஹாபிட் கேமுக்கு அவர் கதையை வரிசையாக எழுதவில்லை. இடங்கள், பொருட்கள், கதாபாத்திரங்கள் எல்லாவற்றையும் டேட்டாவாக வைத்தார். கோடுக்குத் தெரிந்ததெல்லாம் பொதுவான விதிகள்தான்: எதைத் தூக்கலாம், எது உடையும், யார் எங்கே போகலாம். நீங்க ஒண்ணும் டைப் பண்ணாம உட்கார்ந்திருந்தாலும் மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. தோரின் உட்கார்ந்து தங்கத்தைப் பற்றிப் பாட ஆரம்பிச்சிடுவார். சில சமயம், உங்களுக்கு உதவ வேண்டிய ஆள் நீங்க போய்ச் சேர்றதுக்குள்ளயே செத்துப்போயிருப்பார்! இதை முழுசா டெஸ்ட் பண்ணவே முடியாது. ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் புதுசு. இத்தனையும் 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தில்.

1982-ல் கேம் வெளிவந்தது. பிரிட்டனில் பெரிய ஹிட். அதற்குள் மெக்ளர் அங்கே இல்லை. படிப்பை முடித்து, பிறகு ஐபிஎம் பக்கம் போய்விட்டார். முடித்துக் கொடுத்தது கூடப் படித்த ஃபிலிப் மிட்செல். முழு வாக்கியத்தையே புரிந்துகொள்ளும் இங்லிஷ் பார்சரை, மொழியியல் படித்த ஸ்டூவர்ட் ரிட்சியோடு சேர்ந்து செய்ததும் அவர்தான். 1984-ல் மிட்செலின் ஷெர்லாக் கேம் அதே அடித்தளத்தில்தான் வளர்ந்தது.

டூமுக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு என்று நான் சொல்லவில்லை. என்னை உறுத்துவது வேற விஷயம். சில வருஷம் முன்னாடி ஒரு கான்ட்ராக்டில், இன்ஷூரன்ஸ் விதிகள் எல்லாவற்றையும் கோடுக்குள்ளேயே எழுதிவிட்டு வந்தேன். டெட்லைன் அவசரம். எட்டு மாசம் கழித்து போன் வந்தது. ஒரு விதியை மாற்றணும், யாருக்கும் கை வைக்கத் தைரியம் இல்லையாம். அன்னைக்கு எனக்கு உள்ளுக்குள்ள பெருமை: நான் இல்லாம ஓடலை பார்! இன்னைக்கு யோசிச்சா வெட்கமா இருக்கு. அந்த ஒரு விதிக்காக ஒரு டீம் மூன்று வாரம் காத்துக்கிட்டு இருந்தது.

எஞ்சின் எழுதுபவரின் திறமையை வேகத்திலும் கிராஃபிக்ஸிலும் அளக்கிறோம். என் கருத்தில், அவர் போன பிறகு மற்றவர்கள் அதை வைத்து என்ன செய்ய முடிந்தது என்பதுதான் அளவு. நம்ம மாதிரி கான்ட்ராக்டர்கள் கோ-லைவுக்கு முன்னாடியே கிளம்பிடறவங்க. நமக்கு இது இன்னும் பொருந்தும்.

அடுத்த ஹேண்டோவருக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை பண்ணுங்க. பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு விதியை மாற்றச் சொல்லுங்க. நீங்க வாயைத் திறக்கக் கூடாது. என்ன ஆச்சுன்னு ரிப்ளை போடுங்க.