புத்தகசாலைக்கு வரி கொடுத்தவர்கள் எங்கே?

நமது நாட்டில் வீடு என்று ஒன்றை வைத்துக் கொண்டு அதற்கு வரி கட்டுகின்ற ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, புத்தகசாலைக்கும் சேர்த்தே வரி கட்டிக் கொண்டு வருகின்றார்கள். பஞ்சாயத்திலோ முனிசிபாலிடியிலோ கொடுக்கின்ற ரசீதை ஒரு தரம் எடுத்துப் பார்த்தால், வீட்டு வரியோடு 'நூலக வரி' என்பதாக ஒரு தொகை தனியாய்ச் சேர்த்திருப்பது விளங்கும். ரூபாய்க்கு 10 காசு விகிதம். அதாவது 300 ரூபாய் வீட்டு வரி கட்டுகின்றவன் அதற்கு மேல் 30 ரூபாய் நூலகத்திற்காகக் கொடுக்கின்றான். குடிக்கூலிக்கு இருப்பவன் இது நமக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுக்காரன் வரியைத் தன் மடியிலிருந்தா கொடுக்கின்றான்? குடிக்கூலியில் ஏற்றித்தானே கொடுக்கின்றான்? ஆகவே இந்த வரியிலிருந்து தப்பினவர்கள் அநேகமாய் ஒருவருமில்லை என்றே சொல்லுவோம்.

உப்புக்குக் காசு கொடுத்துவிட்டு உப்பை வாங்காமல் வீட்டுக்கு வருகின்றவனைப் பார்த்தால் ஊரே சிரிக்கும். ஆனால் வருஷா வருஷம் புத்தகசாலைக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதன் வாசற்படியைக் கூட மிதியாமல் ஆயுளைக் கழிக்கின்ற நம்மைப் பார்த்துச் சிரிப்பாரில்லை. ஏனெனில், சிரிக்க வேண்டியவர்களும் நம்மைப் போலவே சாமானை வாங்காமல் திரும்பினவர்கள்.

இந்த வரி வானத்திலிருந்து விழுந்ததல்ல. சென்னை மாகாணத்தில் 1948 ஆம் வருஷத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, 1950 இல் அமலுக்கு வந்தது. சுதந்திரம் வந்த பிறகு இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நூலகச் சட்டம் இதுவேயாகும். இதற்காக வெகுகாலம் பாடுபட்டவர் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள். கணக்கு வாத்தியாராயிருந்து, 1924 இல் சென்னை சர்வகலாசாலைப் புத்தகசாலையை நடத்த வந்தவர். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல என்பதையே அடிப்படையாக வைத்து ஐந்து விதிகளை வகுத்து, 1931 இல் ஒரு புத்தகமும் போட்டார். அதே 1931 இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கொண்டு போய்ப் படிக்கக் கொடுத்தார்கள். அந்த வண்டிக்கு ஏற்பாடு செய்தவர் கனகசபைப் பிள்ளை அவர்கள். தேருக்கு வடம் பிடிக்க ஆயிரம் பேர் வேண்டியிருந்த அந்த ஜில்லாவில், புத்தக வண்டிக்கு இரண்டு மாடே போதுமானதாயிருந்தது.

இவ்வளவும் செய்து வைத்திருந்தும் நம் மக்கள் ஏன் போவதில்லை? நேரமில்லை என்பார்கள். சீட்டாட்டத்திற்கும், சினிமாவுக்கும், கைப்பேசியைத் தடவிக் கொண்டு கிடப்பதற்கும் நேரமுள்ளவர்கள் சொல்லுகின்ற சமாதானம் இது. உண்மையான காரணம் வேறு. படிப்பு என்பது யாரோ சிலருக்கு மாத்திரம் உரிய சொத்து என்று பல நூறு வருஷமாய் நம்மைச் சொல்லி நம்ப வைத்ததன் மிச்சம் இன்னும் நம் இரத்தத்தில் இருக்கின்றது. புத்தகசாலைக்குள் நுழைந்தால் யாராவது 'உனக்கென்ன இங்கே வேலை?' என்று கேட்டு விடுவார்களோ என்கின்ற பயம் கூலிக்காரனுக்கும் இருக்கின்றது, அவன் மனைவிக்கும் இருக்கின்றது. இந்தப் பயத்திற்கு மறு பக்கமாக ஒரு பக்தியும் இருக்கின்றது. காகிதம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொள்ளுவார்கள். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்திற்குச் சந்தனம் பூசி, அன்று முழுதும் அதைப் படிக்கக் கூடாது என்றும் வைத்திருக்கிறார்கள். அதே புத்தகத்தை மற்ற 364 நாளிலாவது பிரிக்கிறார்களா என்றால் அதுவுமில்லை. கும்பிட்டுவிட்ட பொருளைப் படிக்க வேண்டிய அவசியமில்லை போலும்!

நிற்க, நாம் கேளாமலே விட்டிருக்கும் இந்தப் புத்தகசாலை அட்டையைக் கேட்டதற்காகவே ஜெயிலுக்கு இழுக்கப்பட்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை நமது தோழர்கள் அறிய வேண்டும். அமெரிக்காவில் விர்ஜீனியா மாகாணத்தில் அலெக்சாந்திரியா என்றொரு ஊர். அவ்வூரில் 1937 இல் ஒரு பொதுப் புத்தகசாலை திறக்கப்பட்டது. வரிப்பணம் வெள்ளைக்காரருடையதும் கறுப்பருடையதும் சேர்ந்தது. உள்ளே போகின்ற பாத்தியதை மாத்திரம் வெள்ளைக்காரருக்கு. சாமுவேல் டக்கர் என்கின்ற கறுப்பர், 25 வயதுள்ள வக்கீல், 1939 மார்ச்சில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஜார்ஜ் வில்சன் என்பவரோடு போய் அட்டை கேட்டார். இல்லை என்று சொல்லப்பட்டது. வழக்குத் தொடுத்தார். வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும் என்று, 1939 ஆகஸ்டு 21 ஆம் தேதி வேறொரு காரியமும் செய்தார்.

அன்று ஐந்து வாலிபர்கள், நல்ல உடுப்பு உடுத்திக் கொண்டு, ஒருவர் பின் ஒருவராய்ப் புத்தகசாலைக்குள் போனார்கள். ஒவ்வொருவரும் மரியாதையாய் அட்டை கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இல்லையென்று பதில் வந்தது. ஒவ்வொருவரும் போய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, தனித் தனி மேஜையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் படிக்க ஆரம்பித்தார்கள். போலீசார் வந்தார்கள். புத்தகசாலையில் புத்தகம் படித்த குற்றத்திற்கு என்ன சட்டம் போடுவது என்று தெரியாமல், ஒழுங்கீனமாய் நடந்து கொண்டதாகப் பிடித்துக் கொண்டு போனார்கள். சத்தமில்லாமல் படிப்பது ஒழுங்கீனமென்றால் ஒழுங்கு எதுவோ நமக்கு விளங்கவில்லை. அந்தக் கேசில் நீதிபதி தீர்ப்புச் சொல்லாமலே காலத்தைக் கடத்தினார். 80 வருஷம் கழித்து, 2019 இல் தான் அவ்வூர் நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளியது.

இதற்கு மேல் நடந்தது தான் நம்மவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது. அதிகாரிகள், அட்டை கொடுக்க மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கண்டவுடன், 1940 இல் கறுப்பருக்கென்று தனியாக ஒரு சின்னப் புத்தகசாலையைக் கட்டிக் கொடுத்து, பெரும்பாலும் பழைய புத்தகங்களை அதில் போட்டு வைத்தார்கள். டக்கருக்கு அதில் ஒரு அட்டை தருவதாகச் சொன்னார்கள். அவர் வேண்டாமென்று எழுதி விட்டார். தனிக் கிணறும், டீக்கடையில் தனிக் குவளையும் பார்த்த நமக்கு அந்தத் தனிப் புத்தகசாலையின் அர்த்தத்தை யாரும் வியாக்கியானம் செய்து சொல்ல வேண்டியதில்லை. கிணறு வெட்டிக் கொடுத்தார்களே என்று நன்றி சொல்லுகின்றவர்கள் நம்மிலும் இருந்தார்கள். டக்கர் அப்படிச் சொல்லவில்லை.

நம் ஊரில் இன்று அந்த மாதிரி யாரும் தடுக்கச் சட்டமில்லை. ஊருக்கு ஊர் கிளை நூலகமோ, ஊர்ப்புற நூலகமோ, பகுதி நேர நூலகமோ இருக்கின்றது. ஜில்லாத் தலைநகரில் மாவட்ட மைய நூலகம் இருக்கின்றது. அங்கேயே உட்கார்ந்து பத்திரிகையோ புத்தகமோ படிப்பதற்கு அட்டை கூட வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமானால் தான் உறுப்பினராக வேண்டும். விண்ணப்பத் தாள் நூலகரிடம் கிடைக்கும். பேர், விலாசம் எழுதி, விலாசத்திற்கு அத்தாட்சி காட்டி, ஒரு சிறு காப்புத் தொகையும் வருஷச் சந்தாவும் கட்ட வேண்டும். காப்புத் தொகை நன்கொடையல்ல. விலகும்போது திரும்பக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம். தவணை தாண்டினால் அபராதம் உண்டு. அது அதிகமில்லை, ஆனால் நீங்கள் வைத்துக் கொண்டிருக்கும் புத்தகத்திற்காக வேறொருவர் காத்திருப்பார் என்பதற்காகவாவது தவணையில் திருப்பிக் கொடுப்பது யோக்கியமாகும்.

வீட்டுக்கு ஒரு அட்டை போதும், அது ஆண்பிள்ளை பேரில் இருக்கட்டும் என்று சில தோழர்கள் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். உங்கள் மனைவி எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டுமென்பதை நீங்கள் பொறுக்கி எடுத்து வருவீர்களானால், நீங்கள் படித்ததைத் தவிர வேறொன்றும் அந்த அம்மாளுக்குத் தெரியாமல் போய்விடும். சமையலறையிலிருந்து ஒரு மணி நேரமாவது வெளியே போக அந்த அட்டை ஒரு காரணமாயிருந்தால் அதுவே பெரிய லாபம். பிள்ளைகளுக்கும் அவரவர் பேரிலேயே வாங்கிக் கொடுங்கள். தன் பேர் எழுதின அட்டையைக் கையில் வைத்திருக்கின்ற பையன் தன்னை ஒரு மனிதனாக மதித்துக் கொள்ளுவான்.

சென்னைக்குப் போகின்றவர்கள் கோவிலையும் கடற்கரையையும் பார்ப்பதோடு கன்னிமாரா நூலகத்தையும் பார்க்கலாம். 1896 இல் திறந்தது. இந்தியாவில் அச்சாகின்ற புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அங்கே சேர வேண்டும் என்பது 1954 ஆம் வருஷத்துச் சட்டம். கோட்டூர்புரத்தில் 2010 இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கண் தெரியாதவர்கள் தடவிப் படிக்கும் பிரெய்ல் புத்தகங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கின்றது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டு போய் உட்கார்ந்து படிக்கவும் இடமுண்டு. பரீட்சைக்குப் படிக்கின்ற ஏழைப் பிள்ளைகளுக்கு வீட்டில் இல்லாத விளக்கும் நாற்காலியும் அங்கே கிடைக்கின்றது. மதுரையில் 2023 இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டிருக்கின்றது. அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2011 இல் ஆஸ்பத்திரியாக மாற்றப் போவதாக அப்போதைய சர்க்கார் சொன்னபோது, பொது மக்களில் சிலர் ஐகோர்ட்டுக்குப் போய்த் தடுத்தார்கள். அது இன்றும் நூலகமாகவே இருப்பதற்கு அவர்கள் போட்ட வழக்கு தான் காரணம்.

ஆனால் கிராமத்து நூலகங்களின் யோக்கியதையை நாம் மறைக்க விரும்பவில்லை. பல இடங்களில் ஓட்டை ஓடு, பத்து வருஷத்துப் புத்தகம், பாதி நாள் பூட்டு. மக்களிடம் வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக்குழுவுக்குச் சரியாய்ச் செலுத்தாமல் ஸ்தல ஸ்தாபனங்கள் பாக்கி வைக்கின்றன என்கின்ற புகாரும் பல வருஷமாய் இருந்து வருகின்றது. ரொட்டிக்கென்று வாங்கின காசை ரோட்டுக்குச் செலவழிப்பது போன்ற காரியம் இது. இதைக் கேட்பது யார்? ஐந்நூறு வீடுள்ள ஊரில் இருபது பேர் தான் உறுப்பினர் என்றால், நூலகர் புதிய புத்தகம் வேண்டுமென்று எழுதினாலும், 'படிக்க ஆளில்லாத ஊருக்குப் புத்தகம் எதற்கு?' என்று மேலே இருக்கின்றவர் கேட்பாரா மாட்டாரா? உறுப்பினர் பதிவேட்டில் ஐந்நூறு பேர் இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிராது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, 'நாங்கள் கொடுத்த நூலக வரி எவ்வளவு, அதில் ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு?' என்று கேட்கின்றவனுக்கும் கையில் ஒரு அட்டையிருந்தால் தான் பேச்சில் பலமிருக்கும்.

அடுத்த தடவை வரி கட்டப் போகும்போது ரசீதை வாங்கி மடித்துப் பரணில் போடாமல், நேரே நூலகத்துக்குக் கொண்டு போங்கள். விலாசத்திற்கு அத்தாட்சி கேட்டால் அதையே எடுத்துக் காட்டலாம். நீங்கள் தேடின புத்தகம் அலமாரியில் இல்லையென்றால், அதன் பேரையும் எழுதினவர் பேரையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு நூலகரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.