கொள்ளைநோய்ச் சட்டம் யாருக்கு அஞ்சிற்று?

2020இல் கொரோனா பரவியபோது அரசுகள் கையிலெடுத்தவற்றுள் முதன்மையானது 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்கள் சட்டம். நான்கே பிரிவுகள் கொண்ட அச்சட்டத்தின் கதையைப் பாடநூல்கள் பெரும்பாலும் புனேவோடு முடித்துக்கொள்கின்றன. பிளேக் சோதனைக்கென வீடு புகுந்த சிப்பாய்கள், பூஜையறையும் அடுக்களையும் தீட்டுப்பட்டதாக எழுந்த கொதிப்பு, 1897 ஜூன் 22 அன்று அதிகாரி ராண்ட் மீது சாபேக்கர் சகோதரர்கள் நடத்திய துப்பாக்கிச் சூடு. சோதனையின் அத்துமீறல்கள் உண்மையே. ஆனால், அந்நோயின் நடுவே நின்று உழைத்தோர் இக்கதையில் இல்லை.

அவர்களைக் காண, முந்தைய ஆண்டின் பம்பாய்க்குச் செல்ல வேண்டும். 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. நோயாளிகளைக் கட்டாயமாக அப்புறப்படுத்தும் அதிகாரத்தை அக்டோபர் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட மாநகராட்சி, அம்மாத இறுதிக்குள் அதைத் தளர்த்தியது. நகரமே கலவரப்பட்டிருந்தது என்பது ஒரு காரணம். ஆணையர் ஸ்னோவை வாட்டிய அச்சம் வேறு: மலம் அள்ளும் ஹலால்கோர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டால் பம்பாயில் எவரும் குடியிருக்க இயலாது. அவர்கள் இறந்துவிடுவார்களே என்பதன்று, இல்லாமற்போவார்களே என்பதே அந்தக் கவலை. ஒரு மாநகரமே தங்கள் கைகளில் தொங்குகிறது என்பதை நிர்வாகம் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட தருணம் அது. அதற்கு ஈடான மதிப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அழுக்கும் துர்நாற்றமுமே நோய்க்கு வேர் என்று அன்றைய சுகாதாரத் துறை நம்பியது. சாக்கடைகள் அலசப்பட்டன; வீடுகளில் கார்பாலிக் அமிலம் தெளிக்கப்பட்டது; சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. எலித்தெள்ளே பிளேக்கைக் கடத்துகிறது என்று பால்-லூயி சிமோன் கராச்சியில் சோதித்துக் காட்டியது 1898இல்தான். அதுவரை, எலிகள் செத்து விழுந்த வீடுகளுக்குள்ளும் சந்துகளுக்குள்ளும் துப்புரவுக்கு முதலில் அனுப்பப்பட்டவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மறுபுறம், வசதி படைத்த சமூகங்கள் சாதிவாரியாகத் தமக்கெனத் தனி பிளேக் மருத்துவமனைகளை நிறுவிக்கொண்டன. அரசும் அதற்கு இணங்கியது. தொற்றைத் தடுக்கும் ஏற்பாட்டிலும் தீட்டுக்கு இடம் கிடைத்தது.

அதே 1897இல் புனேவில் நிகழ்ந்த இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். முந்த்வா ஊருக்கு வெளியே இருந்த மகர் குடியிருப்பில் பிளேக் கண்ட ஒரு சிறுவனை, 66 வயதுச் சாவித்திரிபாய் புலே தம் முதுகில் சுமந்து, மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சையகத்திற்குக் கொண்டுசென்றார். தொற்று அவரையும் பற்றியது. மார்ச் 10 அன்று அவர் மறைந்தார். ராண்ட் கொலைக்குக் கிடைத்த பக்கங்களில் பத்தில் ஒன்றுகூட இந்த மரணத்திற்குக் கிடைத்ததில்லை.

2020இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, நோய்க்காலத்தில் பணிபுரிவோர் மீதான வன்முறை கடும் குற்றமாக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய திருத்தமே. பாதுகாக்கப்படுவோருக்கான வரையறையில் மருத்துவர், செவிலியர், துணை மருத்துவப் பணியாளர், சமூக நலப்பணியாளர் ஆகியோர் பெயர்சொல்லி இடம்பெற்றுள்ளனர். தூய்மைப் பணியாளர் பெயர் இல்லை. சட்டப்படி அதிகாரமளிக்கப்பட்ட பிறர், மாநில அரசு அறிவிக்கை செய்யும் பிறர் என்னும் பொதுச்சொற்களுக்குள் அவர்கள் தம் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.